தண்ணீர்மலையில் தண்ணீரைத் தேடி

தைப்பூசம் என்றதும் சிலாங்கூர், கோலாலம்பூர்வாசிகளுக்குப் பத்துமலை. பினாங்குக்காரர்களுக்குத் தண்ணீர்மலை. ஆண்டுக்கு ஒருமுறை லட்சக்கணக்கான வாய்கள் உச்சரிக்கும் இந்தப் பெயருக்குள் ஓர் அருவி ஒளிந்திருக்கிறது. தண்ணீர் விழும் மலை என்பதால்தான் அது தண்ணீர்மலை. கோயிலுக்குப் போகும் சாலைக்கும் முன்பு ‘வாட்டர்பால் ரோடு’ என்றுதான் பெயர். இப்போது அது ஜாலான் கெபுன் புங்கா. பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயர் சுங்கை ஆயர் தெர்ஜுன். மலாயில் ‘தெர்ஜுன்’ என்றால் குதிப்பது. குதிக்கும் தண்ணீரின் ஆறு! தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகளிலும் பெயராக நிற்கும் இந்த அருவியை நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

தைப்பூச நேரலை நிகழ்ச்சிகளில் தண்ணீர்மலை என்ற சொல்லை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அப்படி ஒரு நேரலையில், நேயராக அழைத்த பள்ளி மாணவி ஒருத்தி கேட்டாள்: “அக்கா, தண்ணீர்மலைன்னு சொல்றீங்களே, அங்க தண்ணி எங்க இருக்கு?” நல்ல கேள்வி. அதற்கு ஒலிபரப்புக் கூடத்தில் உட்கார்ந்து பதில் சொல்வதைவிட, போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது என்று தோன்றியது. பள்ளி விடுமுறையில் அம்மாவையும் ஏழு வயது அண்ணன் மகளையும் கூட்டிக்கொண்டு பினாங்குக்குக் கிளம்பினேன்.

அம்மாவுக்குத் தண்ணீர்மலை புதிதல்ல. எனக்காகப் பால்குடம் எடுத்தவர். ஆனால், அவர் போனதெல்லாம் தைப்பூசக் கூட்டத்தோடு. கூட்டம் இல்லாத தண்ணீர்மலையை அவர் பார்ப்பது இதுவே முதல்முறை.

வேலி வரை ஒரு நடை

ஜார்ஜ்டவுனிலிருந்து காரில் கால் மணி நேரப் பயணம். கோயிலைத் தாண்டிச் சாலை முடியும் இடத்தில் பினாங்கு தாவரவியல் பூங்கா இருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. காலை ஏழு மணிக்கே நடைப்பயிற்சிக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். முக்கால்வாசிப் பேர் ஓய்வு பெற்ற வயதில் இருக்கும் சீனத் தம்பதிகள். நம்மவர்களும் உண்டு.

இந்த இடம் ஒரு காலத்தில் கருங்கல் உடைத்த குவாரி. 1884இல் சார்லஸ் கர்ட்டிஸ் என்பவர் பொறுப்பேற்று இதைத் தோட்டமாக மாற்றத் தொடங்கினார். மூன்று பக்கமும் மலை. நடுவே பள்ளத்தாக்கு. அதை அறுத்துக்கொண்டு ஓடுகிறது சுங்கை ஆயர் தெர்ஜுன். பாறைகளில் தட்டித் தட்டி ஓடுவதால் ஆற்றைப் பார்ப்பதற்கு முன்பே அதன் சத்தம் கேட்டுவிடுகிறது.

பூங்காவில் நாகலிங்க மரங்களைக் கண்டதும் அம்மாவின் நடை நின்றது. கீழே விழுந்து கிடந்த பூ ஒன்றை எடுத்து, உள்ளே இருக்கும் ‘லிங்கத்தை’யும் அதற்குக் குடைபிடிக்கும் ‘நாகத்தை’யும் பேத்திக்குக் காட்டினார். நம் சிவன் கோயில்களில் பார்த்துப் பழகிய இந்த மரத்தின் பூர்வீகம் தென் அமெரிக்கா. எங்கிருந்தோ வந்து இங்கே வேர்விட்ட மரம். நம் கதையும் கிட்டத்தட்ட அதுதானே?

குரங்குகள் பற்றி ஓர் எச்சரிக்கை. நீளவால் குரங்குகள் இங்கே ஏராளம். நெகிழிப்பையின் சரசரப்பைக் கேட்டாலே இறங்கி வந்துவிடும். தீனி போடக்கூடாது என்று பலகையே வைத்திருக்கிறார்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்குகளும் மரக்கிளைகளில் உண்டு. அவை சாதுவானவை. இலை தின்பதே அவற்றின் முழுநேர வேலை.

ஆற்றை எதிர்த்து மேலே நடந்தால் அருவிக்குப் போய்விடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். பூங்காவின் உட்புறத்தில் ஓரிடத்தில் வேலி வந்துவிடுகிறது. பூட்டிய கதவு. அதற்கு அப்பால் பினாங்கு நீர் விநியோக நிறுவனத்தின் இடம். அனுமதி இல்லாமல் யாரும் போக முடியாது.

“அத்தை, அவ்ளோதானா?” என்றாள் அண்ணன் மகள். முகம் வாடிவிட்டது.

ஊரே குடித்த அருவி

ஏன் பூட்டினார்கள் என்பதுதான் இந்தப் பயணத்தில் நான் தெரிந்துகொள்ள விரும்பிய கதை.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு பினாங்குக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் கட்டாயம் பார்த்த இடம் இந்த அருவி. 1811இல் இங்கே வந்த ஜேம்ஸ் வாதன் என்ற ஆங்கிலேயப் பயணி, 1814இல் வெளியிட்ட தன் பயண நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அன்றைக்குப் பினாங்கு என்றால் அருவி. இன்று நாம் பினாங்குக்குப் போனால் கொடிமலை ரயிலில் படம் எடுப்பது போல, அன்று அருவிக்குப் போய்வருவது வழக்கம்.

அழகைப் பார்க்க வந்தவர்கள் ஒருபுறம் என்றால், தாகத்துக்கு வந்தவர்கள் மறுபுறம். தீவின் துறைமுக நகரம் வளர வளர, நல்ல தண்ணீர் தேவைப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலேயே மலை ஓடை நீரைக் கால்வாய் கட்டி நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு அருவியை ஒட்டி நீர்த்தேக்கம் வந்தது. 1910இல் பூங்கா முழுவதையுமே நீர்த்தேக்கமாக்கும் திட்டம் எழுந்து, இடத்தை நகராட்சியிடம் கொடுத்துவிட்டார்கள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டதால் 1912இல் பூங்கா தப்பிப் பிழைத்தது. இல்லையென்றால் நாகலிங்க மரங்கள் நிற்கும் பள்ளத்தாக்கு இன்று தண்ணீருக்கு அடியில் இருந்திருக்கும்.

இதில் நம் கதையும் இருக்கிறது. முருகனுக்கு முதலில் எழுப்பிய சிறு கோயில் அருவியின் பக்கத்தில்தான் இருந்தது என்கிறது கோயில் வரலாறு. நீர்த்தேக்கப் பணிகளுக்காக அது இடம் மாற வேண்டியதாயிற்று. அருவியின் காலடியில் இருந்த முருகன் மலைமேல் ஏறினார். இடம் போனாலும் பெயரை மக்கள் விடவில்லை. மலைக்கோயிலுக்குப் புதிய கோயில் எழுப்பி 2012இல் குடமுழுக்கு நடந்தது. சாலையோரத்தில் இருக்கும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில் 1857ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தைப்பூசத்துக்கு முதல்நாள் நகரத்திலிருந்து வெள்ளி ரதம் வந்து சேர்வது அங்கேதான். அந்த ரதம் 1894 முதல் ஓடுகிறது.

இன்று பினாங்கு மக்களின் குழாயில் வரும் தண்ணீரில் பெரும்பகுதி, பெருநிலத்தில் ஓடும் சுங்கை மூடாவின் தண்ணீர். கடலடிக் குழாய்கள் வழியாகத் தீவுக்கு வருகிறது. ஆயர் ஈத்தாம், தெலுக் பாஹாங் அணைகளும் இருக்கின்றன. ஆனாலும் பழைய அருவி ஓய்வு பெற்றுவிடவில்லை. அதன் நீரும் சுத்திகரிக்கப்பட்டுக் குடிநீராகிறது.

இதை ஏழு வயதுக்கு ஏற்றபடி சொன்னேன். “நாம உள்ள போயி குளிச்சா, அந்தத் தண்ணிய யாரோ ஒரு பாப்பா குடிக்கணும்ல?” கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப பூட்டட்டும்” என்று பெரிய மனிதத் தோரணையில் அனுமதி கொடுத்தாள்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் ஆற்றோரம் குனிந்து, ஒரு கை தண்ணீர் அள்ளி எங்கள் இருவர் தலையிலும் தெளித்தார். “மேல போயி பாக்கணும்னு இல்ல. தண்ணி கீழ வந்துருச்சே” என்றார்.

கோயிலுக்கும் ஏறினோம். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். கூட்டமில்லாத நாளில் படிகளின் இரு பக்கமும் இருக்கும் மரங்களைப் பார்க்க முடிகிறது. அம்மா நாலு இடத்தில் உட்கார்ந்து எழுந்தார். உச்சியிலிருந்து பார்த்தால் நகரமும் கடலும் விரிகின்றன. அருவி கண்ணில் படவில்லை. அதைப் பாதுகாக்கும் காடு மட்டும் தெரிகிறது.

அந்தக் காடு அலங்காரத்துக்கு நிற்கவில்லை. மழையைப் பிடித்து வைத்து, மெல்ல மெல்ல ஆற்றுக்கு விடுவது அதுதான். மண்ணை இறுக்கிப் பிடித்திருப்பதும் அதன் வேர்கள்தான். 2017 நவம்பரில் பினாங்கை மூழ்கடித்த வெள்ளத்தை நேயர்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். மலைச்சரிவில் மரங்களை எடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அன்று எல்லார் வாயிலும் இருந்தது. 2021இல் யுனெஸ்கோ பினாங்கு மலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. தண்ணீர்மலைப் பெயர் பொய்க்காமல் இருக்க வேண்டுமானால் காக்க வேண்டியது அந்தப் பச்சையைத்தான்.

தித்தி கெராவாங்

குழந்தைக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. அருவி காட்டாமல் ஊர் திரும்ப முடியாது. மறுநாள் தீவின் மறுபக்கம் போனோம். பத்து ஃபெரிங்கி கடற்கரையைத் தாண்டி, தெலுக் பாஹாங்கிலிருந்து பாலேக் பூலாவ் போகும் மலைப்பாதையில் இருக்கிறது தித்தி கெராவாங் அருவி. வளைவுக்கு மேல் வளைவு. தலைச்சுற்றல் உள்ளவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள். பழக்கடைகளைக் கண்டால் அருவி வந்துவிட்டது என்று அர்த்தம். ஜாதிக்காய், மங்குஸ்தீன், பருவத்தில் டுரியான் எல்லாம் கிடைக்கும். ஜாதிக்காய்ச் சாறு குடித்தால் மலைப்பாதைக் குமட்டல் அடங்கிவிடுகிறது.

படியேறிப் போனால் பாறைகளின் நடுவே தண்ணீர் இறங்குகிறது. குற்றாலத்தைக் கற்பனை செய்துகொண்டு போனால் ஏமாற்றம்தான். இது சின்ன அருவி. வெயில் காலத்தில் இன்னும் மெலிந்துவிடும். நாங்கள் போனதற்கு முந்தைய வாரம் மழை பெய்திருந்ததால் ஓரளவு நீர் இருந்தது. பக்கத்திலேயே பெரிய நீர்க்குழாய்கள் ஓடுகின்றன. படம் எடுப்பவர்கள் அவற்றைத் தவிர்க்கக் கோணம் தேடுகிறார்கள். நான் குழாயையும் சேர்த்தே எடுத்தேன். அருவியும் குழாயும் ஒரே தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளும் ஊர் இது.

அண்ணன் மகள் கணுக்கால் அளவு நீரில் நின்று கத்திய கத்தலுக்கு வானொலியில் இடம் போதாது. சற்றுத் தள்ளிப் பாறை இடுக்கில் தகர டின்னும் சாப்பாட்டுப் பொட்டலமும் கிடந்தன. பூட்டிய அருவி ஏன் சுத்தமாக இருக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

தண்ணீர் நிறம் மாறினால்

மலேசியாவில் எந்த அருவிக்குப் போனாலும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய சொல் ஒன்று உண்டு: கெப்பாலா ஆயர். தண்ணீரின் தலை என்று பொருள். நாம் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். அந்த நீரெல்லாம் சேர்ந்து, மரக்கிளைகளையும் கற்களையும் உருட்டிக்கொண்டு திடீரென்று வரும். 2021 ஆகஸ்டில் கெடாவின் குனோங் ஜெராய் மலையடிவாரத்தில் வந்த பெருவெள்ளம் உயிர்களையே கொண்டுபோனது.

அறிகுறிகளை மனத்தில் வையுங்கள். தெளிந்த நீர் திடீரென்று கலங்கும். இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வரும். மேலிருந்து இரைச்சல் கூடும். இதில் ஒன்றைக் கண்டாலும் செருப்பு, பை, கைப்பேசி எதையும் தேடாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏற வேண்டும். கரையோரமாக ஓடுவது பயன்தராது. மலையில் கருமேகம் தெரிந்தால் அன்று அருவிக் குளியல் வேண்டாம்.

பினாங்குக்குப் போகிறவர்கள் ஒரு காலைப்பொழுதைத் தண்ணீர்மலைக்கு ஒதுக்குங்கள். ஏழு மணிக்குப் பூங்கா, ஆற்றோரம் ஒரு நடை, வெயில் ஏறும் முன் கோயில் படிகள், பிறகு பசியாறல். தித்தி கெராவாங்கை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம். அடுத்த தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலில் குவளையை நீட்டும்போது, இந்த மலைக்கு ஏன் இந்தப் பெயர் என்று பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் ஒரு நிமிடம் சொல்லுங்கள். குவளையைக் குப்பைத்தொட்டியில் போடவும் சொல்லிக்கொடுங்கள்.