மூன்று வருடத் தோட்டம்

சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி. தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு இருப்பது அவ்வளவுதான். பாதியில் வீடு, மீதி 1200 சதுர அடி மண். அப்பா போன பிறகு அந்த மண் சும்மா கிடந்தது.

புனேயில் இருக்கும் அண்ணனிடம் அதற்குத் தெளிவான திட்டம் இருந்தது. "மூணு வருஷத்துல பில்டர்கிட்ட குடுத்துடலாம். ரெண்டு ஃபிளாட் தருவான். அதுவரைக்கும் பேவர் பிளாக் போட்டுடு. பூச்சி பொட்டு வராது, அம்மாவும் வழுக்கி விழமாட்டாங்க." அவன் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அறுபத்தெட்டு வயதில் தனியாக நாள் முழுக்க இருப்பவளைப் பற்றிய கவலைதான் அது. அம்மா மட்டும் போனை வைத்த பிறகு சொன்னாள்: "எதையாவது வைடி. வெறும் தரையைப் பாத்துட்டு உக்காந்திருக்க முடியல."

மூன்று வருடம்தான் ஆயுள் என்று தெரிந்த நிலத்தில் என்ன வைப்பது? தோட்டம் போட்டுத் தருகிற ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். முன்னால் கொரியன் புல், ஓரத்தில் அரேகா பாம், நடுவில் வெள்ளைக் கூழாங்கல், மதிலையொட்டி வரிசையாகக் கோனோகார்பஸ் என்றார். (அந்தக் கோனோகார்பஸை நடுவதற்குக் குஜராத் 2023இலும் தமிழ்நாடு 2025இலும் தடை போட்டன.) போட்டோவில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் சித்திரை வெயிலில் புல்லுக்குச் சதுர மீட்டருக்கு நாலைந்து லிட்டர் தண்ணீராவது தினமும் வேண்டும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றி, போர் வெறும் காற்றை இழுத்தபோது லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவள் அம்மா. அவளிடம் போய் புல்லுக்குத் தண்ணி விடு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால் முதலில் வெயிலையும் தண்ணீரையும் கவனித்தேன். வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். ஆனால் சென்னையில் ஏப்ரல் கடைசியில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை மதியத்தில் கொஞ்சம் வடக்கே சாய்ந்துதான் போகிறது. கத்திரியில் வடக்குச் சுவரும் காய்கிறது. அதைவிட மோசம் மேற்கு: எங்கள் சமையலறைச் சுவர், இரவு ஒன்பது மணிக்குத் தொட்டாலும் சுடும். கிழக்கில் கடல்காற்று வரும். ஆக கிழக்கைத் திறந்து விட வேண்டும், மேற்கை மூட வேண்டும். வாஷிங் மெஷின் தண்ணீரும் பின்பக்கம்தான் விழுகிறது. பாதி வேலையை வீடே செய்து வைத்திருந்தது.

மழைக் கணக்கு இன்னும் எளிது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். சென்னையில் வருடத்துக்குச் சராசரியாக 1400 மில்லிமீட்டர் பெய்கிறது, பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி. எங்கள் 1200 சதுர அடியில் மட்டும் ஒன்றரை லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. கல்லைப் பாவினால் அதில் பெரும்பங்கு தெருவுக்குத்தான் ஓடும். இதை அண்ணனுக்கு மெசேஜ் போட்டேன். ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு செடிகளை வயதுப்படி எழுதினேன். கீரை இருபத்தைந்து நாள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம்-1 முருங்கை ஆறேழு மாதத்தில் காய்க்கும். வாழை ஒரு வருடம். தாய் சாய்ந்தால் பக்கக்கன்று எழும், மூன்று வருடத்தில் பேத்தியைப் பார்த்துவிடலாம். சோப்புத் தண்ணீர் விழும் இடத்தில் கல்வாழை. கிழக்கே உயரம் போகாத நந்தியாவட்டை, செம்பருத்தி. தோண்டிய இடத்தில் எல்லாம் வீடு கட்டியபோது புதைத்த செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும்தான் வந்தன. பொறுக்கி எடுத்து, சாணமும் சருகும் போட்டு, தேங்காய் மட்டையால் மூடாக்கு வைத்தோம். அம்மா நடக்க மட்டும் இரண்டடிக்கு ஒரு சொரசொரப்பான கல் பாதை. பட்டியல் முடிந்தது என்று நினைத்தபோது அம்மா கேட்டாள்:

"மகிழம் எங்க?"

மகிழம் நிதானமாக வளர்கிற மரம். பூக்கவே பல வருடம் ஆகும். "அம்மா, மூணு வருஷம்தாம்மா." "தெரியும். எங்க வைக்கப் போற?"

அம்மா பிறந்தது திருவொற்றியூர். அந்தக் கோயிலின் தலமரம் மகிழம். உன்னை விட்டுப் பிரியமாட்டேன் என்று சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்தது அந்த மரத்தடியில்தான் என்பார்கள். சத்தியத்தை மீறிக் கிளம்பியதும் அவருக்குக் கண் போனது. அம்மா இந்தக் கதையை எங்கள் இருவருக்கும் சின்ன வயதில் பலமுறை சொல்லியிருக்கிறாள். இந்த முறை சொல்லவில்லை.

அடுக்குமாடி கட்டினாலும் மதிலோரம் கொஞ்சம் இடம் விட்டுத்தான் ஆக வேண்டும். அந்தக் கணக்கில் வடமேற்கு மூலையில் குழி வெட்டினேன். 2023 புரட்டாசியில் நட்டோம். டிசம்பரில் மிக்ஜாம் வந்தது. முருங்கை படுத்துவிட்டது, வாழை இரண்டு சாய்ந்தன. மகிழங்கன்று இரண்டு நாள் தண்ணீரில் நின்று, ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது. வாழை பின்னர் கன்று விட்டது; முருங்கைக்கு வேறு போத்து ஊன்றினேன். அடுத்த கத்திரியில் சமையலறைச் சுவரை இரவில் தொட முடிந்தது. சாயங்காலம் அம்மா பாதையில் பத்து சுற்று நடக்கிறாள், எண்ணிக்கொண்டே.

போன பொங்கலுக்கு அண்ணன் வந்தான், பில்டர் கொடுத்த வரைபடத்தோடு. அம்மா முதலில் அவனைப் பின்பக்கம்தான் கூட்டிப்போனாள். திரும்பி வந்து வரைபடத்தை விரித்தான். அந்த மூலையில் 'ஜெனரேட்டர்' என்று போட்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பென்சில் எடுத்து அதை அடித்து, அம்புக்குறி போட்டுத் தெற்குப் பக்கம் நகர்த்தினான். "அங்கயும் வைக்கலாம்ல," என்றான், யாரையும் பார்க்காமல்.

இன்னும் யாரும் கையெழுத்துப் போடவில்லை. மகிழம் இப்போது என் இடுப்பளவு.