பாட்டுப் பெட்டிக்கு ஒரு கூடு

லாரிப் பட்டறைப் பக்கம் போனவர்களுக்கு 'சேஸிஸ்' என்ற சொல் புதிதல்ல. பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம் பட்டறைகளுக்கு வந்து சேர்ந்த சொல் அது. எஞ்சினையும் சக்கரங்களையும் ஒருங்கே தாங்கி நிற்கும் அடிச்சட்டம் என்று அதற்குப் பொருள். பழைய லாரி வாங்க வருகிறவர் முதலில் குனிந்து பார்ப்பது அந்தச் சட்டத்தைத்தான். அது வளைந்திருக்குமானால், எஞ்சின் எத்தனை நேர்த்தியாக ஓடினாலும் அவர் விலை பேச மாட்டார்.

பாட்டுக் கேட்கும் ஆம்பிளிஃபையர் வேலையிலும் இதே சொல்தான் வழங்குகிறது. ஆனால் லாரிப் பட்டறையில் அதற்கு உள்ள மரியாதை இங்கே இல்லை. வீட்டிலேயே ஆம்பிளிஃபையர் கட்டிப் பார்க்கும் ஆசையுள்ள இளைஞர்கள் பலரை நான் அறிவேன். எந்த டிரான்சிஸ்டர் நல்லது, எத்தனை வாட் வரும் என்று நாள் கணக்கில் பேசுவார்கள். உறுப்புகள் வாங்கச் சென்னை ரிச்சி தெரு வரைக்கும் போவார்கள். பாட்டு ஒலிக்கத் தொடங்கியதும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வார்கள். பிறகு அந்தக் கருவி ஒரு பிஸ்கட் டின்னிலோ ஒட்டுப்பலகைப் பெட்டியிலோ குடியேறும். அல்லது மேசைமேல் திறந்தபடியே கிடக்கும். பெட்டி என்பது அழகுக்காக மட்டும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். அந்த எண்ணம் எத்துணை ஆபத்தானது என்பதை எங்கள் வீட்டுப் பெட்டி ஒன்றைக் கொண்டே சொல்லலாம்.

என் உம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. காது சற்று மந்தம். அஸர் தொழுகைக்குப் பிறகு நாகூர் இ.எம். ஹனிபாவின் பழைய பாடல்களைக் கேட்பது அவர்கள் வழக்கம். அதற்காகக் கடையொன்றில் கட்டித் தந்த பழைய ஆம்பிளிஃபையர் வீட்டில் இருந்தது. "பெட்டி கடிக்குது வாப்பா" என்று அவர்கள் ஒருநாள் சொன்னபோது, எறும்போ பூரானோ என்றுதான் முதலில் நினைத்தேன். தொட்டுப் பார்த்தபோது விரலில் மெல்லிய சுருக்கென்ற உணர்வு வந்தது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். இரண்டே கம்பியுள்ள மின்வடம். முகப்போ இரும்புத் தகடு. தகட்டுக்கும் நிலத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அந்தச் சுருக்கென்ற உணர்வு ஆளைக் கொல்வதில்லை. டிரான்ஸ்பார்மரின் சுருள்களுக்கு இடையே இயல்பாகக் கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் அது. ஆனால் சுருளின் காப்பு என்றாவது ஒருநாள் கெட்டுப்போனால், அதே தகட்டின்மேல் 230 வோல்ட் முழுவதும் வந்து நிற்கும். உலர்ந்த தோலுக்குப் பல்லாயிரம் ஓம் தடை உண்டு. நனைந்த கை வழியே பாயும்போது உடலின் தடை ஏறத்தாழ ஆயிரம் ஓமுக்கு இறங்கிவிடும். கணக்குப் பாருங்கள்: 230 வோல்ட்டை ஆயிரத்தால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். மின்கசிவைக் கண்டு தானே இணைப்பைத் துண்டிக்கும் வீட்டுப் பாதுகாப்புச் சாதனம் 30 மில்லி ஆம்பியரிலேயே துண்டித்துவிடும்படி அமைக்கப்படுகிறது என்றால், 230 எத்தனை பெரிய அளவென்பது விளங்கும். என் உம்மாவோ ஒளு செய்த ஈரம் காயுமுன்னே பாட்டை நிறுத்தப் பெட்டியிடம் போகிறவர்கள். இந்த எண்ணம் வந்தபின் பழைய பெட்டியை மின்சாரத்தில் செருக எனக்கு மனம் வரவில்லை. புதிய கருவி ஒன்றைக் கட்டுவதென்றும், இம்முறை கூட்டிலிருந்தே வேலையைத் தொடங்குவதென்றும் முடிவு செய்தேன்.

எங்கள் ஊர் காயல்பட்டினம். உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. ஒட்டுப்பலகை துருப்பிடிக்காது, ஆனால் அது எதையும் மறைத்துக் காக்கவும் காக்காது. ஆகவே தூத்துக்குடிக்குப் போய் 18 கேஜ் அலுமினியத் தகடும் அரை அங்குல 'எல்' பட்டைகளும் வாங்கி வந்தேன். 18 கேஜ் என்றால் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் தடிப்பு. கையால் மடக்கவும் முடியும், டிரான்ஸ்பார்மரின் எடையையும் தாங்கும். பெட்டியின் அளவு 12 அங்குல நீளம், 9 அங்குல அகலம், 4 அங்குல உயரம். அலுமினியத்துக்குப் பித்தளைத் திருகு ஆகாது. உப்புக்காற்றில் அவ்விரண்டும் ஒன்றையொன்று தொட்டிருந்தால், சில ஆண்டுகளில் திருகைச் சுற்றியுள்ள அலுமினியம் வெண்பொடியாக அரித்துவிடும். எனவே துத்தநாகம் பூசிய திருகுகளையே தேர்ந்தேன்.

வேலையில் பாதி காகிதத்திலேயே முடிந்துவிடுகிறது. ஒவ்வோர் உறுப்பையும் காகிதத்தின்மேல் வைத்துப் பார்த்து, திருகுத் துளைகளைக் குறித்து, அந்தக் காகிதத்தையே தகட்டின்மேல் ஒட்டிவிட வேண்டும். பின் ஒவ்வொரு புள்ளியிலும் ஊசிமுனை உளியால் ஒரு தட்டுத் தட்டிக் குழி செய்துகொண்டால் டிரில் வழுக்காது. பெரிய துளை வேண்டுமிடத்தில் வட்டமாகச் சிறு துளைகள் இட்டு, நடுத்துண்டைத் தட்டி எடுத்து, அரத்தால் ராவிச் சரிசெய்ய வேண்டும். அலுமினியத் துகள் அரத்தின் பற்களில் அடைத்துக்கொள்ளும். சாக்குக்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் அவ்வளவாக ஒட்டாது.

மடக்கும் வேலைக்கு எங்கள் தெருவில் தகரப் பெட்டி செய்கிறவரிடம் போனேன். அவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காக்கா, ரெண்டு மடிப்பும் சந்திக்கிற மூலையில முதல்ல ஒரு துளை போடுங்க; இல்லாட்டி அங்கதான் கிழியும்" என்றார். நான் படித்த மின்னணுப் புத்தகம் எதிலும் இந்தப் பாடம் இல்லை. இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு இடையே தகட்டை இறுக்கி, மேலே கட்டையை வைத்து, ஓரத்திலிருந்து ஓரம்வரை சிறிது சிறிதாக மரச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். கால் மணி நேரத்தில் நான்கு பக்கமும் எழுந்து நின்றன.

இனி அந்தக் கூடு செய்யும் வேலைகளைப் பார்ப்போம். முதல் வேலை சூட்டை வெளியேற்றுவது. ஜான் லின்ஸ்லி ஹூட் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1969ஆம் ஆண்டில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் எளிய ஆம்பிளிஃபையர் ஒன்றின் திட்டத்தை வெளியிட்டார். வீட்டில் கட்டுகிறவர்கள் இன்றும் அதைக் கட்டி மகிழ்கிறார்கள். அது தருவது 10 வாட் ஒலி. ஆனால் பாட்டே இல்லாமல் சும்மா இருக்கும்போதுகூட ஒவ்வொரு பக்கமும் முப்பது வாட்டுக்குக் குறையாமல் சூடாக்கிக்கொண்டிருக்கும். நான் கட்டியது அவ்வளவு சுடாத வகை என்றாலும், சூட்டுக்கு ஒரு வழி வேண்டும். 2என்3055 என்ற டிரான்சிஸ்டர்களைத் துடுப்புகள் உள்ள அலுமினியக் கட்டையில் பொருத்தி, அந்தக் கட்டையைப் பெட்டியின் பின்பக்கம், துடுப்புகள் செங்குத்தாக நிற்கும்படி வைத்தேன். சூடான காற்று மேலே ஏறும். துடுப்புகள் படுத்திருந்தால் அதன் வழி அடைபடும். இந்த டிரான்சிஸ்டரின் உலோக உடலிலேயே மின்சாரம் ஓடுவதால், அதற்கும் கட்டைக்கும் இடையே மெல்லிய மைக்காத் தகடு வைப்பது கட்டாயம்.

பெட்டியின் அடியில் துளைகள் இட்டு, அரை அங்குல ரப்பர்க் கால்களும் வைத்தேன். மேல் துளைகளை மூடியில் மட்டும் இடாமல், இரு பக்கச் சுவர்களின் மேலோரத்திலும் இட்டேன். நம் வீடுகளில் எந்தப் பெட்டியானாலும் அதன்மேல் பூவேலை செய்த துணி ஒன்று விரிக்கப்படும் என்பது எனக்குத் தெரியும். விரித்தும் விட்டார்கள். பக்கத் துளைகள் இருப்பதால் பெட்டிக்கு மூச்சு முட்டவில்லை.

இரண்டாவது வேலை அமைதி. பாட்டு இல்லாதபோது ஒலிபெருக்கியில் கேட்கும் 'ம்' என்ற இரைச்சலுக்கு இடம் கொடுப்பதும் கூடுதான், தடுப்பதும் கூடுதான். இரைச்சல் ஆழ்ந்து மெல்ல ஒலித்தால் அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ்; டிரான்ஸ்பார்மரின் காந்தப் புலமோ கம்பிச் சுற்றோ அதற்குக் காரணம். சற்றுக் கரகரப்பாக ஒலித்தால் அது 100 ஹெர்ட்ஸ். மின்னோட்டத்தைச் சீராக்கும் பகுதியில் குறை. அலுமினியம் மின்புலத்தைத் தடுக்கும். ஆனால் 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலத்துக்கு அது கண்ணாடி போலத்தான். அதற்கு எளிய மருந்து தூரம். எனவே டிரான்ஸ்பார்மரை ஒரு கோடியிலும், மெல்லிய ஒலி நுழையும் இடத்தை மறு கோடியிலும் வைத்தேன். திருகும் முன் டிரான்ஸ்பார்மரை மரத்துண்டின்மேல் வைத்துச் சிறிது சிறிதாகத் திருப்பி, இரைச்சல் மிகவும் குறைந்த கோணத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டேன். ஒலிச்சுற்றின் பொதுக்கம்பிகள் அனைத்தையும் ஒரே இடத்தில் சேர்த்து, அந்த ஓரிடத்தில் மட்டும் கூட்டோடு இணைத்தேன். வளைய வடிவ டிரான்ஸ்பார்மரைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. அதன் நடுவே செல்லும் திருகு, அடித்தகட்டையும் மேல்மூடியையும் ஒருங்கே தொட்டுவிட்டால், கூடே ஒரு குறுக்குச் சுருளாகிப் பெரும் மின்னோட்டம் பாயும்.

மூன்றாவது வேலை உயிர்க்காப்பு. பச்சை நிற எர்த் கம்பிக்குத் தனியாக ஒரு திருகு வைத்தேன். டிரான்ஸ்பார்மரைப் பிடிக்கும் திருகோடு அதைச் சேர்க்கக்கூடாது. அலுமினியத்தின்மேல் தானாகவே படரும் படலமும் சாயமும் மின்சாரத்தைக் கடத்தா. ஆகவே அந்த இடத்தைப் பளிச்சென்று சுரண்டி, பல்லுள்ள வாஷர் போட்டு, இரட்டை நட்டால் இறுக்கினேன். எர்த் கம்பியை மற்ற இரு கம்பிகளைவிடச் சற்று நீளமாக விட்டேன். யாராவது வடத்தில் இடறி இழுத்தாலும், கடைசியாக அறுவது அதுவாக இருக்க வேண்டும். வடம் நுழையும் துளைக்கு ரப்பர் வளையம், உட்புறம் ஒரு பிடிப்பு, மின்சாரம் நுழையும் கம்பியில் ஃப்யூஸ் ஆகியவற்றையும் அமைத்தேன். பிறகு பிளக்கின் பெரிய முள்ளிலிருந்து மூடி, முகப்பு, ஒவ்வொரு திருகு, குமிழின் தண்டு என எல்லாவற்றையும் மீட்டரால் அளந்தேன். எங்கும் ஒரு ஓமுக்குக் கீழே.

அதோடும் வேலை முடியவில்லை. கூடு எர்த்தோடு சேர்ந்திருந்தும், சுவரிலுள்ள மூன்றாம் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லையென்றால் பயன் என்ன? பல வீடுகளில் அந்தத் துளை வெறும் அலங்காரம்தான். மின்பணியாளரை அழைத்து, கொல்லைப்புறத்து எர்த் குழியைத் தோண்டச் செய்து, கரியும் உப்பும் இட்டு நீர் வார்த்தோம். 30 மில்லி ஆம்பியர் துண்டிப்பானையும் பொருத்தினோம்.

இந்த வேலைகளுக்கு இடையில் உம்மா என்னைப் பலமுறை கேட்டார்கள்: "இன்னும் உன் பெட்டிக்குக் கூரை போடலியா வாப்பா?" தாமதத்தின் காரணத்தை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாட்டே வேண்டாம் என்றிருப்பார்கள். முதியவர்களின் சிறு இன்பங்கள் அப்படித்தான் பல வீடுகளில் ஓசையின்றி நின்றுபோகின்றன. ஆபத்தை நீக்குவதைவிட ஆசையை நீக்குவது நமக்கு எளிதாக இருக்கிறது.

கருவி கட்டுகிறவனுக்கு அதன் உள்ளே எங்கே மின்சாரம் ஓடுகிறது என்பது தெரியும். அதைத் தொடுகிறவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. அந்த அறியாமையை அவர் கட்டியவனிடம் அமானிதமாக ஒப்படைக்கிறார். அதைக் காப்பதற்குத்தான் கூடு. ஆம்பிளிஃபையர் கட்டும் இளைஞர்கள் வீட்டில் இருந்தால், அடுத்தமுறை எத்தனை வாட் என்று கேட்குமுன், கூடு எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். கட்டுகிறவர் எவரும் இல்லாவிட்டாலும், சுவரிலுள்ள மூன்றாம் துளையில் உண்மையாகவே எர்த் வருகிறதா என்று நல்ல மின்பணியாளர் ஒருவரை அழைத்து இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.