“எஸ்கிமோ இல்லம்மா... இன்யுபியாட்!”

நர்சரி பள்ளிச் சுவரில் தொங்கும் ஆங்கில எழுத்து சார்ட் ஞாபகம் இருக்கிறதா? ‘ஐ ஃபார் இக்ளூ’ என்று பனிக்கட்டியால் கட்டிய வெள்ளை வீடு. சில சார்ட்களில் ‘ஈ ஃபார் எஸ்கிமோ’ என்று ரோமக் குல்லா போட்ட ஒரு மனிதர். வட துருவத்துப் பக்கம் வாழும் மக்களைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது, போன மே மாத விடுமுறை வரை.

அந்த விடுமுறையில் அவளுடைய சித்தப்பா கம்ப்யூட்டரில் ஒரு கேம் போட்டுக் கொடுத்தார். பெயர் ‘நெவர் அலோன்’, 2014-ல் வெளிவந்தது. ஓயாமல் அடிக்கும் பனிப்புயல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் புறப்படுகிறாள் நூனா என்ற சிறுமி. துணைக்கு ஒரு வெள்ளை நரி. இருவர் சேர்ந்து ஆடலாம். மகள்தான் நூனா என்பதில் பேச்சுக்கே இடமில்லை. நான் நரி.

இந்த ஆட்டத்தில் ஒருவரை விட்டு ஒருவர் போக முடியாது. நரி பள்ளத்தில் விழுந்தால் நூனாவும் மறுபடி பின்னாலிருந்து தொடங்க வேண்டும். “அம்மா, காத்து வருது, குனி!” என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாமி வந்து எட்டிப் பார்த்தார்.

வழியில் ஆங்காங்கே ஆந்தைகள் இருக்கும். ஓர் ஆந்தையைக் கண்டுபிடித்தால் ஒரு குட்டிப் படம் திறக்கும். இப்படி மொத்தம் 24 படங்கள். கார்ட்டூன் அல்ல, அலாஸ்காவில் இன்று வாழும் பெரியவர்களும் இளைஞர்களும் தங்கள் வாழ்க்கையைப் பற்றித் தாங்களே பேசுகிறார்கள். முதல் படம் முடிந்ததும் மகள் கேட்டாள்: “அம்மா, இவங்கெல்லாம் இப்பவும் இருக்காங்களா?”

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. டைனோசர் மாதிரி, எப்போதோ இருந்து மறைந்தவர்கள் என்றே அவள் மனதில் பதிந்திருக்கிறது. சார்ட்டில் இருக்கும் படம் வாய் திறந்து பேசாதே!

அலாஸ்கா, கனடா, கிரீன்லாந்து என்று பரந்து வாழும் மக்களுக்குப் பொதுப்பெயர் இனுயிட். அதற்கு ‘மக்கள்’ என்று பொருள். எஸ்கிமோ என்பது வெளியார் வைத்த பெயர்; அவர்களில் பலர் அதை விரும்புவதில்லை. வட அலாஸ்காவில் வாழும் பிரிவினர் இன்யுபியாட், அதாவது ‘உண்மையான மக்கள்’. இவர்களுடைய பழைய வீடுகள்கூட பனிக்கட்டியால் ஆனவை அல்ல. கடலில் மிதந்து வந்த மரத்தையும் திமிங்கில எலும்பையும் வைத்துக் கட்டி, மேலே புல்மண் மூடிய வீடுகள். அதன்பிறகு நான் எஸ்கிமோ என்று சொன்னால் போதும், மகள் திருத்திவிடுவாள்.

வானத்தில் பச்சையாக ஆடும் துருவ ஒளி, ஆட்டத்தில் நூனாவைப் பிடிக்கப் பாய்ந்து வரும். குல்லா போடாமல் வெளியே போனால் அந்த ஒளி தலையைப் பறித்துப் பந்தாடிவிடும் என்று அங்கே பிள்ளைகளை மிரட்டுவார்களாம். “நம்ம ஊர் பூச்சாண்டி!” என்று சிரித்தாள் மகள். கடல் பனி வரவர மெலிந்துபோவதை ஒரு படத்தில் அவர்கள் சொன்னபோது சிரிப்பு நின்றது. அந்தப் பனியின் மேல் நடந்துதான் அவர்கள் வேட்டைக்குப் போகிறார்கள்.

பாதிக் கதையில் ஒரு கொடியவன் நரியைக் கொன்றுவிடுகிறான். மகள் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டாள். கண் நிறைய நீர். எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த நரி ஒரு சிறுவனின் ஆவியாக எழுந்து, மறுபடியும் நூனாவுக்குத் துணையாக வந்தது. விலங்குக்கும் மனிதனுக்கும் நடுவே பெரிய சுவர் இல்லை என்பது அந்த மக்களின் நம்பிக்கை. அதை வார்த்தையில் விளக்கும் வேலையை எனக்கு வைக்காமல், கதையே சொல்லிவிட்டது.

இந்தக் கேமை உருவாக்கத் தொடங்கியது அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் உள்ள குக் இன்லெட் பழங்குடி கவுன்சில் என்ற தொண்டு அமைப்பு. மானியத்தை மட்டும் நம்பாமல் சொந்த வருமானமும் வேண்டும், தங்கள் கதைகள் இளைய தலைமுறைக்குப் போகவும் வேண்டும் என்று அவர்கள் தேர்ந்தெடுத்த வழி இது. கிட்டத்தட்ட 40 பெரியவர்களும் கதைசொல்லிகளும் ஊராரும் பங்களித்தார்கள். கதை சொல்லும் குரல் இன்யுபியாக் மொழியிலேயே ஒலிக்கிறது. நாம் எழுத்தில் படித்துக்கொள்ள வேண்டியதுதான். 2015-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதும் கிடைத்தது.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பிடித்தது வேறு. மூலக்கதையைச் சொல்லி வந்தவர் ராபர்ட் நஸ்ருக் கிளீவ்லண்ட் என்ற கதைசொல்லி. அவர் காலமாகிவிட்டார். கேம் செய்தவர்கள் அவருடைய மகள் மின்னி கிரேயைத் தேடிப்போய் அனுமதி கேட்டார்கள். மூலக்கதையில் வரும் பையனைச் சிறுமியாக மாற்றியதும் அவர் சம்மதத்தோடுதான். வாய்வழிக் கதைதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு மக்களைப் பற்றி அடுத்தவர் சொல்லிக் கேட்பது வேறு, அவர்கள் வாயாலேயே கேட்பது வேறு. பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் சீக்கிரம் புரிந்துவிடுகிறது.

உங்கள் வீட்டிலும் ஆடிப் பாருங்கள். ஆந்தைகளை அவசரத்தில் தாண்டிப் போக விடாதீர்கள். இரண்டாவது கன்ட்ரோலரை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நரி வேடம் ஒன்றும் அவ்வளவு கஷ்டமில்லை. காற்று வரும்போது மட்டும் மறக்காமல் குனிந்துவிட வேண்டும்.