லுனுகங்கத் தோட்டத்து மனை

கொழும்பிலிருந்து காலிக்குச் செல்லும் கரையோரப் புகையிரதத்தில் ஏறி அளுத்கமையில் இறங்கினோம். பெந்தோட்டை ஆற்றைக் கடந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பியதும் கடலிரைச்சல் அடங்கிவிட்டது. தென்னந்தோப்புகளையும் வயல்களையும் தாண்டி, தெத்துவ வாவியின் கரையில் தாழ்ந்த இரு குன்றுகளின் மீது பரந்துள்ள லுனுகங்கத் தோட்டத்தை அடைந்தோம். சிங்கள மொழியில் உப்பாறு என்பது அப்பெயரின் பொருள்.

ஒல்லாந்தர் காலத்தில் இங்கே கறுவா விளைந்தது. ஆங்கிலேயர் காலத்தில் இறப்பர் தோட்டமாயிற்று. 1948 ஆம் ஆண்டில் இது விலைப்பட்டபோது, கவனிப்பாரற்ற மரங்களுக்கு நடுவே ஒரு சாதாரணப் பங்களாவே நின்றது. அதை வாங்கியவர் ஜெஃப்ரி பாவா என்னும் இளஞ் சட்டத்தரணி. இத்தாலியில் வாவிக்கரை மாளிகையொன்றை வாங்க விரும்பி, அது கைகூடாமல் தாயகம் மீண்டவர் அவர்.

வீட்டைத் திருத்தத் தொடங்கிய பின்னரே தமது அறிவு போதாதென அவர் உணர்ந்தார். எனவே இலண்டன் சென்று கட்டடக் கலை பயின்று, 1957 இல், தமது முப்பத்தெட்டாம் வயதில் தேர்ச்சி பெற்றார். 1982 இல் கோட்டையில் திறக்கப்பட்ட நமது பாராளுமன்றக் கட்டடம் அவர் அமைத்ததே. பழுதுற்ற வீடொன்று நாட்டுக்கு ஒரு கலைஞரை அளித்தது எனலாம்.

பழைய பங்களாவை அவர் இடிக்கவில்லை. பின்னர் சேர்த்த தாழ்வாரங்களுக்கும் முற்றங்களுக்கும் உள்ளே அது இன்றும் இருக்கின்றது. தாழ்வாரத்தில் நின்று தெற்கே நோக்கினோம். புற்சரிவு, கறுவாக் குன்று, மரநிழலில் ஒரு பெருஞ்சாடி, அப்பால் வாவி, தொலைவில் வெண்ணிறத் தாதுகோபம் ஆகியவை ஒரே நேரில் தோன்றின. வாவி தெரிய வேண்டுமென்று குன்றின் உச்சியையே தாழ்த்தினாராம்! ஈழத்தலரி மரங்களின் கிளைகளிற் பாரந் தொங்கவிட்டு அவற்றை வளைத்துப் படரச் செய்தார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இப்பணி தொடர்ந்தது. 2003 இல் அவர் மறைந்தபோது கறுவாக் குன்றிலேயே தகனக் கிரியை நிகழ்ந்தது.

தோட்டத்தில் இன்னொரு வீட்டையுங் கண்டோம். பற்றிக் ஓவியக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்காகக் கொழும்பில் 1960களின் தொடக்கத்தில் பாவா கட்டிய முற்றத்து வீடு அது. அதன் நிலம் கைமாறியபோது, கற்களையும் மரங்களையும் ஓடுகளையும் இலக்கமிட்டுக் கழற்றி, இங்கே கொணர்ந்து மீண்டும் எழுப்பினர்.

அம்முற்றத்தில் நின்றபோது யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகள் நம் நினைவுக்கு வந்தன. உரியவர் கடல் கடந்து வாழ, எத்தனை முற்றங்களில் இன்று புல் மண்டிக் கிடக்கின்றது! ஓடு பிரிந்த வீட்டைப் பார்ப்பவர் நிலத்துக்கு மட்டும் விலை பேசுவர். அதற்கு உடன்படுமுன், தூண்களையும் கதவுகளையும் ஒருமுறை தொட்டுப் பார்ப்போம். எல்லா வீட்டையும் காக்க இயலாது. காக்கத் தக்கது எதுவென்று அறியாமல் இடிப்பதையாவது தவிர்க்கலாமன்றோ?