அடி தெரியாத நீர்

நீச்சல் குளம் என்றவுடன் இன்றைய பிள்ளைகளின் மனக்கண்ணில் நீலநிறம் தோன்றும். எனக்கோ பச்சை நிறமே தோன்றுகிறது.

ஊரிலிருந்த கமலைக் கிணற்றில், இடுப்பில் சுரைக்குடுவையைக் கட்டிக்கொண்டு நீந்தக் கற்றவன் நான். 1989-இல் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்காக எங்களை ஒரு நகரத்திற்கு அழைத்துச் சென்றனர். இரவெல்லாம் பேருந்துப் பயணம். விடியற்காலையில் குளத்தைக் கண்டதும் எங்கள் உற்சாகம் பாதி வடிந்துவிட்டது. அதன் நீளம் எவ்வளவென்று ஒருவருக்கும் தெரியவில்லை. காவற்காரர் காலடியால் அளந்து சொன்னார். நூறு மீட்டரைச் சரிக்கட்ட மூன்று முறை சென்று திரும்பி, பின்னர் நடுவே கட்டிய கயிற்றைத் தொடவேண்டும் என்று தீர்ப்பாயிற்று! தடங்களைப் பிரித்தது தேங்காய்நார்க் கயிறு. அது தோளை உரசிய எரிச்சல் ஒரு வாரம் இருந்தது. நல்ல குளங்களில் தடக்கயிற்றில் கோத்த வட்டுகள் அலையை உடைத்து அடக்கும். இங்கோ நாங்கள் எழுப்பிய அலையே சுவரில் மோதித் திரும்பிவந்து எங்கள் வாயில் புகுந்தது. ஒரு கோடியில் மூன்றடிதான் ஆழம். கையை வீசினால் விரல் தரையில் தேய்ந்தது.

நீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் ஓடவில்லை. அன்று காலையில்தான் வாளி வாளியாகப் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினர். கண் சிவந்து, நெடி மூக்கைத் துளைத்தது. குளோரின் மிகுந்துவிட்டது என்றே எண்ணினோம். உண்மையில், குளோரின் வியர்வையுடனும் சிறுநீருடனும் கலந்து உண்டாகும் பொருள்களே அந்த நெடிக்கும் எரிச்சலுக்கும் காரணம் என்பதைப் பின்னாளில் அறிந்தேன். நன்கு பேணப்படும் குளத்தில் நெடி அதிகம் இராது.

இவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். ஆனால் போட்டிக்கு முன் நாங்கள் நீந்திப் பழகிக்கொண்டிருந்தபோது வேறு கல்லூரி மாணவன் ஒருவன் ஆழமான பகுதியில் குதித்தான், மேலே வரவில்லை. கரையில் இருபது பேருக்குக் குறையாமல் நின்றோம். ஒருவரும் கவனிக்கவில்லை, கவனித்திருந்தாலும் பயனில்லை. இரண்டடிக்குக் கீழே எல்லாம் பச்சை. தற்செயலாக ஒருவன் காலில் உடம்பு தட்டுப்படவே கூச்சலிட்டான். தூக்கினோம், பிழைத்துக்கொண்டான். அரைமணி நேரத்தில் போட்டியும் தொடங்கிவிட்டது. தரை கண்ணுக்குத் தெரியாத குளத்தில் எவரையும் இறங்கவிடக் கூடாதென்பது காப்பாளர்க்குக் கற்பிக்கும் விதி. அங்குக் காப்பாளரே இல்லை. எனக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. அந்தச் சான்றிதழை வீட்டில் காட்ட மனம் வரவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, 2014-இல், ஹங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெஸ்ட் சென்றிருந்தேன். புடா, பெஸ்ட் என்னும் இரு கரைகளுக்கிடையே டான்யூப் நதியில் மார்கிட் தீவு பச்சைப்பசேலென மிதக்கிறது. அங்குள்ள பெரிய நீச்சல் அரங்கிற்கு ஆல்ஃபிரட் ஹாயோஷின் பெயர் இடப்பட்டிருக்கிறது. அவருக்குப் பதின்மூன்று வயதானபோது தந்தை இதே டான்யூபில் மூழ்கி இறந்தார். அதன் பிறகே மகன் நீச்சலில் முனைந்தார். ‘ஹாயோஷ்’ என்பது மாலுமி என்று பொருள்பட அவர் தாமே சூடிக்கொண்ட பெயர்.

1896-இல் ஏதென்ஸில் முதல் ஒலிம்பிக் நடந்தபோது நீச்சலுக்கென்று குளம் கட்டப்படவில்லை. பிரேயஸ் நகரின் ஸேயா விரிகுடாவில், ஏறத்தாழ 13 டிகிரிக் குளிர்நீரில் போட்டியை நடத்தினர். 1200 மீட்டர் போட்டிக்கு வீரர்களைப் படகில் ஏற்றிச் சென்று கடலில் இறக்கிவிட்டனர்; அவர்கள் கரைக்கு நீந்திவர வேண்டும். பதினெட்டு வயது ஹாயோஷ் உடலெங்கும் கொழுப்பைப் பூசிக்கொண்டு அலைகளோடு போராடி வந்தார். நூறு மீட்டர், 1200 மீட்டர் இரண்டிலும் அவரே முதல்வர்.

பின்னர் அவர் கட்டடக் கலைஞரானார். 1930-இல் திறக்கப்பட்ட இந்த நீச்சல் அரங்கை வரைந்தவர் அவரேதான். வெற்றித்தூண் ஒன்றை எழுப்பாமல், இப்படியொரு குளத்தை அவர் கட்டினாரே என்று எண்ணியவாறு அதன் விளிம்பில் நெடுநேரம் நின்றேன். தரையில் பதித்திருந்த கறுப்புக் கோடுகள் துல்லியமாகத் தெரிந்தன.

எதிர்க்கரையில் ஒரு சிறுவன் குதித்தான். அவன் அடிவரை சென்று, தரையை உதைத்து மேலே வரும்வரை அவன் முழு உருவமும் என் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.