ஆப்பக்கடையும் யு.பி.ஐ.யும்



எங்கள் எம்.கே.பி. நகரில் காலைதோறும் ஆப்பம் சுட்டு விற்கும் கைம்பெண் ஒருவர் இருக்கிறார். சுருக்குப்பையில் சில்லறை தேடிக்கொண்டிருந்தவரின் அடுப்பருகே இன்று கட்டங்கட்டமாய் அச்சிட்ட அட்டையொன்று நிற்கிறது. பத்து ரூபாய் வந்தாலும் சிறு பெட்டி உரக்க அறிவிக்கிறது. பணத் தொழில்நுட்பத்தில் ஒரு நாடு செழிப்பது எங்ஙனம் என வினவுவோருக்கு நான் அந்த அடுப்படியைத்தான் காட்டுவேன்.

இது ஒரே நாளில் விளைந்ததன்று. 2008-இல் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் அமைந்தது. 2010-இல் ஆதார் எண் வந்தது. 2014-இல் ஜன் தன் திட்டத்தால், இருப்புத்தொகை இல்லாத ஏழைக்கும் வங்கிக் கணக்குக் கிடைத்தது. இவற்றின் மேல் 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. எழுந்தது. அவ்வாண்டு நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமற்போக, கால்கடுக்க வரிசையில் நின்றவர்களுள் நானும் ஒருவன். அந்த இடர்ப்பாடும் மக்களை இப்பக்கம் தள்ளியது என்பதை மறைப்பதற்கில்லை. 2023 ஆகஸ்டில் ஒரு மாதப் பரிவர்த்தனைகள் ஆயிரம் கோடியைக் கடந்தன.

எந்த வங்கியில் கணக்குடையவரும் எந்தச் செயலி வழியாகவும் எவருக்கும் அனுப்பலாம் என்பதே இதன் சூட்சுமம். சாலை பொதுவானது, அதில் வண்டி ஓட்டுவோர் தனியார். கென்யாவில் 2007-இல் தோன்றிய எம்-பெசாவிலோ ஒரு தொலைபேசி நிறுவனமே சாலையும் வண்டியுமாக இருந்தது.

ஆயினும் சாலையில் கள்வரும் உண்டு. வீட்டிலிருந்தே புர்கா தைத்து விற்பவர் என் சகோதரி. 2022 ரமலானில் ஒருவன் முன்பணம் அனுப்புவதாகக் கூறி, "பணம் வந்துசேர இரகசிய எண்ணை அழுத்துங்கள், அக்கா" என்றான். அழுத்தினார், நாலாயிரம் ரூபாய் போயிற்று. வெட்கத்தால் மூன்று நாள் எங்களிடம்கூடச் சொல்லவில்லை. சகோதரிகளே, பணம் பெற இரகசிய எண் ஒருபோதும் வேண்டியதில்லை. ஏமாந்துவிட்டால் அந்நேரமே 1930-ஐ அழையுங்கள். வெட்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆப்பக்காரப் பெண்மணியின் அன்றாட வரவு முழுவதும் இப்போது கணக்கில் பதிவாகிறது. எனினும் அரிசி வாங்க முதல் வேண்டுமென்றால் அவர் நாடுவது தண்டல்காரரையே. வங்கியொன்றில் பிணை கேட்டார்களாம். நொடியில் கடன் தரும் செயலிகளின் வட்டியோ தண்டலுக்குச் சளைத்ததன்று. சென்ற வாரம் அவர் தம் மூன்று மாத வரவைத் தாளில் எடுத்துத் தரும்படி என்னைக் கேட்டார். பள்ளிவாசல் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடனுக்குக் காட்டப்போகிறாராம். எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.