'டக்'குன்னு ஒரு சத்தம்

கோட்டைப்பட்டினத்தில் எங்க வீட்டுத் திண்ணையில் ஒரு பழைய விளக்கு. ஹோல்டரிலேயே திருகு சுவிட்ச். அந்த வெளிச்சத்தில்தான் அத்தா வலை பின்னுவார். போன லீவில் திருகினேன். வழக்கமான 'டக்' இல்லை. 'சர்ர்'னு ஒரு இழுவை, கூடவே கருகல் வாடை. பிளக்கைப் பிடுங்கிட்டுக் கழற்றினேன். உள்ளே ஸ்பிரிங் துருப்பிடித்துச் செத்திருந்தது. கடற்காற்று சும்மா விடுமா?

சுவிட்ச்னா இரண்டு தகட்டைப் பிரிக்கிறது, அவ்வளவுதானேன்னு நீங்களும் நினைச்சிருப்பீங்க. மெதுவாகப் பிரிந்தால் இடைவெளியில் மின்பொறி தாவும், தகடு கருகும். இதுக்காகவே 1884இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் சட்டென்று பிரியும் சுவிட்சைக் கண்டுபிடித்தார். எங்க வீட்டுத் திருகுக்குள்ளேயும் அதே யோசனைதான். நீங்க எவ்வளவு நிதானமாகத் திருகினாலும் முதலில் ஸ்பிரிங் முறுக்கேறும். எல்லை தாண்டியதும் விடுபட்டு, தகட்டை ஒரே தள்ளாகத் தள்ளிடும். வேகம் உங்க விரலோடது இல்லை, ஸ்பிரிங்கோடது. அந்த 'டக்' அதோட சத்தம்தான்.

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றலாமான்னு பார்த்தேன். கருகின பேக்லைட், கீழே நைலான் வலை... மனசு வரல. புது ஹோல்டரே மாட்டியாச்சு.

அத்தா இரண்டு தடவை திருகிப் பார்த்துட்டு, "பழைய சத்தம் இல்லையேடா" என்றார்.